ஃபேஷன் டிசைன் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், பல்கலைக்கழகத்தில் ஃபேஷன் டிசைன் தவிர வேறு எதையும் படிக்க மாட்டேன் என்று உறுதியாக நிற்பதையும், அந்தப் படிப்பை நம்பி அவளை அனுப்பலாமா என்று நீங்கள் கலங்குவதையும் உங்கள் கடிதத்திலிருந்து அறிந்தேன். அவள் சிறு வயதிலிருந்தே உடைகளை அழகாக வரைகிறாள், ஆகவே திறமை இருக்கிறது, வேலைதான் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்பாகத் திறமை என்று நீங்கள் எதைக் கருதுகிறீர்கள் என்பதைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் படிப்பில் ஒரு மாணவி நிலைப்பாளா என்பதை அவளுடைய ஓவியங்களை வைத்துச் சொல்வது கடினம். துணியை வெட்டி, தைத்து, சரியாக வராததைப் பிரித்து, மீண்டும் தைக்கும் பொறுமையும் அதில் ஓர் ஈடுபாடும் அவளுக்கு இருக்கிறதா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இது என் தனிப்பட்ட விருப்பு வெறுப்பைச் சார்ந்த கருத்து அன்று; துறையின் வரலாறே இதற்குச் சான்று. துணியின் நூலோட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டினால் அது நெகிழ்ந்து உடலோடு ஒட்டி விழும் என்பதை 1920களில் முழுமையான கலையாக வளர்த்த பிரெஞ்சு வடிவமைப்பாளர் மதலேன் வியோனே, காகிதத்தில் வரைந்து தொடங்குவதைவிடச் சிறிய மரப்பொம்மை ஒன்றின்மீது துணியைச் சுற்றிச் சுற்றியே தம் உடைகளை உருவாக்கினார். லண்டன் வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மக்குவீன் 16 வயதில் பள்ளியை விட்டு, ஆண்களுக்கான உடைகளுக்குப் பெயர்பெற்ற சாவில் ரோ தெருவின் தையற்கூடங்களில் பயிற்சி பெற்ற பின்னரே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் முதுகலை பயின்று 1992இல் வெளியே வந்தார். மேடையில் அவருடைய உடைகள் எவ்வளவு வியப்பூட்டினாலும், அந்தத் துணிச்சலுக்கு அடித்தளமாக இருந்தது ஒரு மேலங்கியின் தோளைப் பிசகின்றி வெட்டத் தெரிந்த கை. படம் வரைவதைக் கணினி மென்பொருள் நொடிகளில் செய்துவிடும் இக்காலத்தில், அந்தக் கையின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது என்று நான் நினைக்கிறேன்.

படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். முதலாண்டில் மாணவர்கள் இழைகளின் தன்மை, நெய்த துணிக்கும் பின்னல் துணிக்கும் உள்ள வேறுபாடு, நெடுக்காக ஓடும் பாவு நூலும் குறுக்காக ஓடும் ஊடை நூலும் துணியின் விழுகையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பவற்றைக் கற்கிறார்கள். கூடவே, உடலின் அளவுகளைத் தட்டையான காகிதத்தில் பேட்டர்னாக, அதாவது துணியை வெட்டுவதற்கான வடிவத் துண்டுகளாக, மாற்றுவது, உருவப்பொம்மையின்மீது துணியைப் போர்த்தி வடிவம் காணும் டிரேப்பிங், தொழிற்சாலைத் தையல் இயந்திரத்தைக் கையாள்வது ஆகியவையும் வருகின்றன. ஒவ்வோர் உடையும் விலையுயர்ந்த துணியைத் தொடுவதற்கு முன் மலிவான காடாத் துணியில் தைத்துப் பார்க்கப்படுகிறது. அது ஒருமுறையிலோ இருமுறையிலோ சரியாக வருவது அரிது. பிந்தைய ஆண்டுகளில் வடிவமைப்பு வரலாறு, கணினியில் பேட்டர்ன் வரைதல், ஓர் அளவிலிருந்து பல அளவுகளை உண்டாக்கும் கிரேடிங், செலவுக் கணக்கு, சந்தை ஆய்வு எல்லாம் சேர்ந்துகொள்ள, இறுதியாண்டில் மாணவி தானே சிந்தித்துத் தானே உருவாக்கும் ஓர் உடைத்தொகுப்பைக் காட்ட வேண்டியிருக்கும். வரைவது இவை அனைத்தினூடும் இருக்கிறது. ஆனால் மொத்த உழைப்பில் அது ஒரு சிறு பங்குதான்.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன் உங்கள் மகள் ஒரு சோதனையைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளட்டும். பழைய சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை, காலர், காலரின் அடிப்பட்டை, கை, கைப்பட்டி என ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்தக் காகிதத்தைக் கொண்டு அதே சட்டையை மீண்டும் தைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையின் மேல்வளைவை அளந்தால், அது பொருந்த வேண்டிய உடற்பகுதியின் வளைவைவிடப் பெரும்பாலும் சற்று நீளமாக இருக்கும். அந்தக் கூடுதல் நீளம் எதற்காக, அதை மடிப்பே தெரியாமல் எப்படி உள்ளடக்கித் தைத்தார்கள் என்ற கேள்வி அவளுக்குத் தானாக எழுந்து, பதில் காணும்வரை அவள் ஓயாமல் இருந்தால், நீங்கள் துணிந்து அவளை இந்தப் படிப்புக்கு அனுப்பலாம். முதல் முயற்சியில் சட்டை கோணலாக வருவதைப் பொருட்படுத்த வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான் வரும். இரண்டாவது முயற்சிக்கு அவள் உட்காருகிறாளா என்பதை மட்டும் கவனியுங்கள்.

அவள் உட்காரவில்லை என்றாலும் அது தோல்வி ஆகாது. உடைகளின்மீது உண்மையான ஆர்வம் கொண்ட பலருக்குத் தையல் மேசை ஒத்துவருவதில்லை. வண்ணமும் அச்சும் நெசவும் பிடித்தவர்களுக்கு டெக்ஸ்டைல் டிசைன் இருக்கிறது. எண்களிலும் பேச்சுவார்த்தையிலும் திறன் உள்ளவர்களுக்கு எதை, எவ்வளவு, என்ன விலையில் விற்பது என்று திட்டமிடும் மெர்ச்சண்டைசிங், கடைகளுக்கு உடைகளைத் தேர்ந்து வாங்கும் பையிங் ஆகிய பிரிவுகள் உள்ளன; எழுத்து, புகைப்படம், ஸ்டைலிங் ஆகியவற்றை விரும்புவோருக்கு ஃபேஷன் கம்யூனிகேஷன் பொருந்தும். கணிதமும் இயந்திரங்களும் பிடித்த மாணவர்கள் ஆடை உற்பத்தித் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தால், பெரும்பாலும் வடிவமைப்பாளர்களைவிட விரைவாக நிலையான வேலையில் அமர்கிறார்கள். சேர்ந்து ஓராண்டு கழித்துப் பிரிவு மாறுவதைவிட, இந்த வேறுபாட்டை இப்போதே உட்கார்ந்து பேசுவது எவ்வளவோ மேல்.

பட்டத்தின் பெயரைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்பட வேண்டாம். இளங்கலை, இளங்கவின்கலை, வடிவமைப்பில் இளநிலை என நாட்டுக்கு நாடு பெயர் மாறும்; மூன்று ஆண்டுகளோ நான்கு ஆண்டுகளோ நடக்கும்; சில இடங்களில் இடையில் ஓராண்டு முழுவதும் நிறுவனத்தில் வேலைப்பயிற்சியாக அமையும். அப்படி ஓராண்டுப் பயிற்சி உள்ள படிப்பு கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள். ஒரே பெயருள்ள இரண்டு பட்டங்களில் ஒன்று வாரத்தின் பெரும்பகுதியைப் பட்டறையிலும், மற்றொன்று வகுப்பறையிலும் கழிப்பதாக இருக்கக்கூடும் என்பதால், கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படிப்பது பெயரைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

கல்லூரிகளும் ஒரே இயல்பு கொண்டவை அல்ல. நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி 1944இல் தொடங்கப்பட்டபோதே, ஆடைத்தொழிலுக்குப் பயிற்சி பெற்றவர்களைத் தருவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. மாறாக, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் உள்ள ஃபேஷன் துறை ஒரு நுண்கலைக் கழகத்தின் பகுதியாக வளர்ந்தது. மாணவரின் தனிப்பார்வையைத் தீட்டுவதற்கே அங்கு முதலிடம். 1980களில் உலகின் கவனத்தை ஈர்த்த ‘ஆன்ட்வெர்ப் அறுவர்’ என்ற ஆறு வடிவமைப்பாளர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தாம். நீங்கள் பார்க்கும் எந்தக் கல்லூரியும் இந்த இரண்டு இயல்புகளுக்கும் இடையில் எங்கேயோ நிற்கும். உங்கள் மகளின் மனம் எதற்கு அருகில் இருக்கிறது என்று கேட்டறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் தனிப்பாணியைத் தேடும் மாணவி உற்பத்தி சார்ந்த கல்லூரியில் மூச்சுத் திணறுவாள். தெளிவான தொழிற்பயிற்சியை விரும்புபவளோ கலைக்கழகத்தில் திக்குத் தெரியாமல் நிற்பாள்.

கல்லூரியை நேரில் பார்க்கச் செல்லும்போது கண்காட்சி அரங்கில் அதிக நேரம் நிற்க வேண்டாம், பட்டறைக்குச் செல்லுங்கள். எத்தனை மாணவர்களுக்கு ஓர் இயந்திரம் என்று பாருங்கள். மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பட்டறை திறந்திருக்குமா, இயந்திரம் பழுதானாலோ தையல் புரியாவிட்டாலோ உடன் நின்று உதவும் தொழில்நுட்ப உதவியாளர்கள் இருக்கிறார்களா என்று அங்கே பயிலும் மாணவர்களையே விசாரியுங்கள். புகழ்பெற்ற பேராசிரியர் ஆண்டுக்கு இருமுறை வந்து போவதைவிட, நாள்தோறும் இருக்கும் ஒரு நல்ல பேட்டர்ன் ஆசிரியர் மாணவிக்குத் தருவது அதிகம். விளம்பர ஏட்டில் உள்ள சில வெற்றிமுகங்களோடு நிறைவடையாமல், சென்ற ஆண்டு முடித்த வகுப்பு முழுவதும் இப்போது என்ன செய்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். இதற்கு நேரான பதில் சொல்லாத கல்லூரியை நான் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்றையும் பாடத்திட்டத்தில் தேடிப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து, அதிலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓர் உடையை யார், எந்த நிலையில் தைக்கிறார்கள் என்பது வடிவமைப்பாளரின் பொறுப்புக்கு வெளியே இல்லை என்பதை அந்தத் துயரம் உலகுக்கு உணர்த்தியது. வெட்டும் மேசையிலேயே துணியின் ஏறத்தாழ 15 விழுக்காடு வீணாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதைக் குறைக்கும் வகையில் பேட்டர்ன் அமைப்பது இன்று தனித்திறனாக மதிக்கப்படுகிறது. இவற்றைப் பெயரளவில் ஒரு சொற்பொழிவாக முடிக்காமல், செய்முறையாகக் கற்பிக்கும் கல்லூரி நல்ல கல்லூரி.

செலவைப் பற்றிக் கட்டணப் பட்டியல் முழுமையாகச் சொல்லாது. துணி, நூல், பொத்தான், கத்தரி, காகிதம், அச்சு, மென்பொருள் என்று ஆண்டு முழுவதும் சிறுசிறு செலவுகள் வந்துகொண்டே இருக்கும். இறுதியாண்டுத் தொகுப்பின் துணிச்செலவைப் பெரும்பாலான இடங்களில் மாணவரே ஏற்க வேண்டும். அதற்கென்று முதலாண்டிலிருந்தே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். உடலுக்கும் மனத்துக்கும் ஆகும் செலவும் உண்டு. வகுப்பு முழுவதன் முன்னிலையில் வேலை விமர்சிக்கப்படும் நாள்கள் கடினமானவை. மதிப்பீட்டு வாரங்களில் தூக்கம் குறையும். அப்போது அவள் தொலைபேசியில் அழுதால், படிப்பே தவறு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி வேலையைப் பற்றி. தன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்குவதுதான் வெற்றி என்று உங்கள் மகள் நினைத்தால், அது மிகச் சிலருக்கே, அதுவும் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிறரிடம் பணியாற்றிய பிறகே கைகூடுகிறது என்று அன்போடு சொல்லுங்கள். உதவி வடிவமைப்பாளர் பணிக்குப் போட்டி கடுமை, தொடக்க ஊதியமும் குறைவு. இதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நான் செய்யும் நன்மை ஆகாது. ஆனால் ஒவ்வோர் உடைக்குப் பின்னாலும் பேட்டர்ன் வல்லுநர், மாதிரி உடை தைப்பவர், தரமும் அளவும் பார்க்கும் ஆடைத் தொழில்நுட்பர், மெர்ச்சண்டைசர், அச்சு வடிவமைப்பாளர், திரையிலேயே முப்பரிமாண உடையை உருவாக்குபவர், நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உடை அமைப்பவர் என ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. ஓர் உடையின் ஒவ்வோர் அளவையும், தையலையும், துணியின் விவரத்தையும் தொழிற்சாலை பிழையின்றிப் புரிந்துகொள்ளும்படி எழுதும் டெக் பேக்கைத் தயாரிக்கத் தெரிந்த பட்டதாரிக்கும், பேட்டர்ன் நன்கு தெரிந்தவருக்கும் வாய்ப்புகள் மற்றவர்களைவிட அதிகம். இத்தகைய பணிகளுக்கு மேடைவெளிச்சம் இல்லை, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் தொழிலாகும் தகுதி இருக்கிறது.

அவளுக்கு இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்றும் பொருள் இல்லை. புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களிலேயே ராஃப் சைமன்ஸ் படித்தது தொழில்துறை வடிவமைப்பு. வர்ஜில் அப்லோ பொறியியலும் கட்டடக்கலையும் பயின்றவர். ஜப்பானின் ரெய் கவாகுபோ ஃபேஷனை எந்தக் கல்லூரியிலும் முறையாகக் கற்கவில்லை. இவர்களை முன்மாதிரியாகக் காட்டிக் கல்லூரியே வேண்டாம் என்று சொல்வது தவறு, ஏனெனில் அவர்கள் அரிதானவர்கள். ஆயினும் வேறொரு பட்டத்தோடு பேட்டர்னும் தையலும் பகுதிநேரமாகக் கற்று, முதுகலையில் இத்துறைக்குத் திரும்பும் வழி உண்மையில் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கான போர்ட்ஃபோலியோ என்னும் படைப்புத் தொகுப்பில் பளபளக்கும் இறுதிப் படங்களை மட்டும் அடுக்க வேண்டாம். ஓர் எண்ணம் எங்கிருந்து வந்தது, எந்தத் துணியில் முயன்றாள், எங்கே தவறு நேர்ந்தது, எப்படித் திருத்தினாள் என்பது தெரியும் குறிப்பேட்டுப் பக்கங்களையே தேர்வாளர்கள் நெடுநேரம் பார்க்கிறார்கள். பிரபல வடிவமைப்பாளர்களின் உடைகளைப் பார்த்து வரைந்தவற்றை நீக்கிவிட்டு, அவளே தைத்தவற்றின் புகைப்படங்களை முன்புறம், பின்புறம், உட்புறத் தையல் என்று சேர்க்கட்டும். எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே தொகுப்பை அனுப்பக் கூடாது. பக்க எண்ணிக்கையும் கேட்கும் பொருளும் இடத்துக்கு இடம் மாறும். இடம் உறுதியானதும் முன்பணம் கட்டுவதற்கு முன்பாக, சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதி உண்டா, விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், பொருள்செலவுக்கு உதவித்தொகை இருக்கிறதா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.