அன்புக்குரியவரை இழந்தவரின் துக்கம் ஓராண்டைக் கடந்தும் ஆறவில்லை என்றால் அதை எப்படி அடையாளம் காண்பது?

அப்பா தவறி ஒன்றரை ஆண்டாகியும் அம்மா தேறவில்லை, உறவினர்கள் "நாளாக நாளாகச் சரியாகிவிடும்" என்கிறார்கள், இது இயல்பான துக்கந்தானா அல்லது மருத்துவரிடம் காட்ட வேண்டியதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் காட்டுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மருத்துவர் இல்லை. சேலத்தில் என் சித்தி இதே நிலையில் இருந்த காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்டதால் இதைப் பற்றித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இதை மருத்துவ உலகம் 'நீடித்த துயரக் கோளாறு' என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு 11ஆம் பதிப்பிலும், அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட திருத்திய கையேட்டிலும் இது இடம்பெற்றுள்ளது. முன்னது, இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்கிறது. பின்னது பெரியவர்களுக்கு 12 மாதங்கள் என்கிறது. இரண்டுமே, அவரவர் சமூகமும் சமயமும் எதிர்பார்க்கும் அளவைத் துக்கம் தாண்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கின்றன. நம் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அந்த ஆண்டு முழுவதும் பண்டிகை கொண்டாடுவதில்லை, நல்ல காரியங்களைத் தள்ளிப்போடுகிறோம், முதலாண்டுத் திதி கொடுத்த பிறகே வீடு பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே அந்த ஓராண்டுக்குள் அம்மா எவ்வளவு அழுதிருந்தாலும், யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாமல் இருந்திருந்தாலும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. திதி முடிந்து மற்றவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் அலுவல்களுக்குத் திரும்பிய பிறகு அவர் மட்டும் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மருத்துவர்கள் முதலில் தேடுவது ஏக்கத்தை. இறந்தவர் வேண்டும் என்ற தவிப்போ, அவரைப் பற்றிய நினைவுகளிலேயே மூழ்கிக் கிடப்பதோ ஏறக்குறைய நாள்தோறும் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதனுடன், தன்னில் பாதி போய்விட்டது போன்ற உணர்வு, இறப்பை நம்ப முடியாமை, நினைவூட்டும் இடங்களையும் பொருள்களையும் விட்டு விலகுதல், கடும் மனவேதனையோ கோபமோ கசப்போ, பிறருடன் பழகவும் எதிர்காலத்தைப் பற்றி எண்ணவும் இயலாமை, மனம் மரத்துப்போதல், வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம், ஆழ்ந்த தனிமை ஆகிய எட்டில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கையேடு. இவை கடந்த ஒரு மாதமாவது ஏறத்தாழ நாள் தவறாமல் நீடித்து, அன்றாட வாழ்வைக் கெடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

படிக்கும்போது இவை தெளிவாகத் தெரிகின்றன, ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. என் சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்த்தார். வாரம் முழுவதும் மலையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை இரவு பஸ்ஸில் இறங்கி வருவார். பழம் பறிக்கும் பருவத்தில் ஒருநாள் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். திதி முடிந்து மாதங்கள் ஆன பிறகும், சனிக்கிழமை இரவு அந்தக் கடைசி பஸ் வரும் நேரம் கடக்கும்வரை சித்தி கதவுக்குத் தாழ் போடமாட்டார். அவர் பங்குச் சாப்பாட்டை ஒரு தட்டால் மூடி வைத்திருப்பார். மற்ற நாள்களில் சமையல், கடை, பேரனைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவர் அழுததே இல்லை என்பதால், வந்தவர்கள் எல்லாம் "நல்ல தைரியசாலி" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் அந்த வீட்டின் மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை நேராகத் தெரியும். சித்தி மாடிக்கு ஏறுவதையே விட்டுவிட்டார்; துணிகளை நடையிலேயே காயப்போட்டார், அந்தக் கோடையில் வடகம்கூட இடவில்லை. முட்டி வலி என்று அவர் சொன்ன காரணத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே முட்டியோடு கோயில் படிகளில் தடையின்றி ஏறினார். மலை கண்ணில் படக் கூடாது என்பதே உண்மையான காரணம் என்பது, மருத்துவர் நிதானமாகக் கேட்டபோதுதான் வெளிவந்தது.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் அழுகையை மட்டுமே துக்கத்தின் அளவுகோலாக வைத்துப் பழகிவிட்டோம். அழுகையைவிட, எதிலிருந்து அவர் ஒதுங்குகிறார், எந்த வழியாகப் போக மறுக்கிறார், எந்த அறையைத் திறப்பதில்லை, யாரைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார் என்பவைதான் அதிகம் சொல்கின்றன. உங்கள் அம்மா அப்பாவின் நண்பர்கள் வந்தால் உள்ளே போய்விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய செய்தி அது.

இதையும் மனச்சோர்வு நோயையும் ஒன்றாக எண்ணிவிடுவது வழக்கம். மனச்சோர்வில் எதிலுமே நாட்டம் இருக்காது, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் மேலோங்கும். நீடித்த துயரத்திலோ மனம் முழுவதும் ஒருவர் மேலேயே குவிந்திருக்கும். அவரைப் பற்றிப் பேசினால் முகம் சற்று மலரவும் கூடும், குற்ற உணர்வு இருந்தாலும் "அன்று நானும் கூடப் போயிருந்தால்" என்று அந்த இறப்பைச் சுற்றியே இருக்கும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால், பிரித்தறியும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

சிலவற்றைக் கண்டு பயப்படவும் வேண்டாம். இறந்தவரின் குரல் கேட்டது போலவும், அருகில் வந்து நின்றது போலவும் தோன்றுவது இயல்பான துக்கத்திலும் நிகழ்வதே; அதற்காகக் குறி கேட்கவோ மந்திரிக்கவோ ஓட வேண்டியதில்லை. சட்டையை எடுத்து வைத்திருப்பதும், ஆடி அமாவாசையில் உடைந்து அழுவதும் நோயல்ல.

நெருங்கியவரை இழந்த பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நிலை ஏற்படுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. விபத்து, தற்கொலை போன்ற திடீர் இறப்புகளிலும், பிள்ளையையோ வாழ்க்கைத் துணையையோ இழந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கொரோனா காலத்தில் முகத்தைக்கூடப் பார்க்காமல் வழியனுப்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

சிகிச்சை என்றதும் தூக்க மாத்திரைதான் தருவார்கள் என்று உங்கள் அம்மா அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துயரத்துக்கென்றே அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் வகுத்த பேச்சு சிகிச்சை, பொதுவாக 16 அமர்வுகள் கொண்டது. இறப்பு நேர்ந்த கதையை வாய்விட்டுச் சொல்ல வைப்பது, ஒதுக்கி வைத்த இடங்களைச் சிறிது சிறிதாக அணுக வைப்பது, இனி என்ன செய்ய விரும்புகிறார் என்பதைப் பற்றிப் பேசுவது ஆகியவை அதில் உண்டு. 2016இல் 395 பேரிடம் அவர் குழுவினர் நடத்திய ஆய்வில், சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை துயரத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. பேச்சு சிகிச்சையுடன் சேர்த்துக் கொடுத்தபோது, கூடவே இருந்த மனச்சோர்வைத் தணித்தது. எல்லா ஊரிலும் அதே முறையில் பயிற்சி பெற்றவர் கிடைக்கமாட்டார். துக்கத்தைப் பற்றிப் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரு மனநல ஆலோசகர் கிடைத்தாலே நல்ல தொடக்கம். சித்திக்கும் அப்படி ஒருவரே உதவினார். மாடிப் படியில் பாதிவரை ஏறி உட்கார்ந்துவிட்டு வருவதில் தொடங்கி, பல மாதங்களுக்குப் பின் அவர் ஏற்காடு வரையே போய்வந்தார்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் செயல்படுகிறது. நேரில் போகத் தயங்கினால் டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். அம்மாவிடம் "உங்களுக்கு மனநோய், டாக்டரிடம் வாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "அப்பாவைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒருவர் இருக்கிறார், நானும் கூட வருகிறேன், எனக்கும் பேச வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள், அதுவும் உண்மைதானே.

ஒன்றில் மட்டும் ஆண்டுக்கணக்கோ அறிகுறிக்கணக்கோ பார்க்க வேண்டாம். "நானும் அவரிடமே போய்விடுகிறேன்" என்று அவர் சொன்னாலோ, சாப்பாட்டையும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் வேண்டுமென்றே தவிர்த்தாலோ, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.