பஸ் சிக்னல் போட்டுவிட்டால் பிழை முழுக்க நம்முடையதா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். ஸ்டொப்பில் நின்ற பஸ்ஸைக் கடந்து போகும்போது, அது வலது சிக்னல் போட்டபடி வெளியே வந்து என் காரின் இடது பின்கதவை உரசிவிட்டது. "பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும் என்பது ஹைவே கோட் விதி, முழுப் பிழையும் உங்களுடையது" என்று பஸ் கம்பனியின் காப்புறுதி நிறுவனம் எழுதியிருக்கிறது. ஒப்புக்கொள்வதா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர்கள் சொல்வது பிரித்தானிய வீதி விதிக் கையேடான ஹைவே கோட்டின் 223ஆம் விதி. பாதுகாப்பாக முடியுமென்றால் பஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுங்கள், குறிப்பாக அது ஸ்டொப்பிலிருந்து கிளம்ப சிக்னல் போடும்போது என்கிறது அது. 'பாதுகாப்பாக முடியுமென்றால்' என்பதைக் கடிதத்தில் வசதியாக விட்டுவிட்டார்கள். சட்டக் கட்டாயமான விதிகளில் 'மஸ்ட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும், இதில் இல்லை. ஆகவே இதை மீறியதே ஒரு குற்றமாகிவிடாது. அதற்காக அலட்சியமாக இருக்கவும் முடியாது. 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 38(7) பிரிவின்படி, ஹைவே கோட் விதியை மீறியதை நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டலாம்.

அதே கோட் பஸ் சாரதிக்கும் உண்டு. சிக்னல் போட்டதால் முன்னுரிமை வந்துவிடாது என்கிறது 103ஆம் விதி. கண்ணாடியில் தெரியாத பக்கத்தையும் பார்த்து, ஆபத்தில்லை என்றால் மட்டும் கிளம்பச் சொல்கிறது 159.

உங்கள் பலம் அந்தப் பின்கதவுதான். முன் பம்பரின் இடது மூலை நசுங்கியிருந்தால், வெளியே வந்துவிட்ட பஸ்ஸில் நீங்கள் போய் மோதினீர்கள் என்பார்கள். எனக்கும் பேச அதிகம் இருந்திருக்காது. பின்கதவு என்றால், பஸ் திரும்பும்போது உங்கள் கார் ஏற்கெனவே அதன் பக்கத்தில் இருந்தது என்று வாதிடலாம். திருத்தக் கொடுக்கும் முன்பு கீறல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

சிக்னல் எப்போது விழுந்தது என்பதை பஸ்ஸின் கமரா சொல்லும். அந்தப் பதிவை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். வழி இலக்கம், பஸ்ஸின் நம்பர் பிளேட், திகதி, நேரம் எல்லாம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி இன்றைக்கே பஸ் கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் காப்புறுதிக்கும் ஒரு பிரதி போகட்டும்.

நீங்களும் கொஞ்சம் அவசரப்பட்டது பதிவில் தெரிந்தால், 1945ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரிக்கலாம். அப்போதும் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழாது. கார் சேதத்துக்கு வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது. கழுத்துவலி, முதுகுவலி ஏதும் இருந்தால் அதற்கு 3 வருடம்தான், டொக்டரிடம் இப்போதே காட்டிப் பதிந்துவிடுங்கள்.