மரச்சீனியா, சர்க்கரைவள்ளியா?

அன்புள்ள ஐயா,

என் மாமியாருக்கு வாரத்தில் இரண்டு நாளாவது மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் இருந்தாக வேண்டும். மரச்சீனி வெறும் மாவு, போதாததற்கு அதில் விஷம் வேறு, சர்க்கரைவள்ளி சாப்பிட்டால் வைட்டமின் ஏ கிடைக்கும் என்று ஒரு வீடியோவைப் பார்த்ததிலிருந்து என் கணவர் மரச்சீனி வாங்கிவர மறுக்கிறார். மாமிக்குக் கொஞ்சம் சுகரும் உண்டு. எது நல்லது?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள சகோதரி,

அந்த வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. 100 கிராம் பச்சைக் கிழங்கை எடுத்துக்கொண்டால் மரச்சீனியில் சுமார் 160 கலோரி, 38 கிராம் மாவுச்சத்து. சர்க்கரைவள்ளியில் 86 கலோரி, 20 கிராம் மாவுச்சத்துதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். நார்ச்சத்தும் சர்க்கரைவள்ளியில்தான் கூடுதல். புரதம் இரண்டிலுமே ஒன்றரை கிராம் பக்கம், அதை வைத்துச் சண்டை போட ஒன்றுமில்லை. வைட்டமின் சி மரச்சீனியிலும் உண்டு, ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போது அதில் ஒரு பங்கு போய்விடுகிறது.

வைட்டமின் ஏ கதை வேறு. இணையத்தில் சுற்றும் அந்தப் பெரிய எண்ணெல்லாம் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்குக்கு உரியது. ஆப்பிரிக்காவில் அந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள், அவ்வளவு சத்து. நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது தோல் சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருப்பது, அதில் உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் சொற்பம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பூ சோனா என்று ஓர் ஆரஞ்சு ரகம் வெளியிட்டிருக்கிறது, கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். வெள்ளைக் கிழங்கை வாங்கிவைத்துக்கொண்டு கண்ணுக்கு நல்லது என்று உங்கள் கணவர் சொன்னால் ஒரு துண்டை வெட்டிக் காட்டுங்கள், போதும்.

அப்புறம் விஷம். மரச்சீனியில் லினமாரின் என்று ஒன்று உண்டு, அது உடைந்தால் சயனைடு வரும். உண்மைதான். ஆனால் அதற்கு உங்கள் மாமியின் கையிலேயே வைத்தியம் இருக்கிறது: மேல்பட்டையோடு உள்தோலையும் சேர்த்து உரித்து, நடு நரம்பை எடுத்துவிட்டு, சின்னத் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவைத்து வடித்துக் கொட்டுவது. கசக்கிற துண்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 1981இல் மொசாம்பிக்கில் மரச்சீனியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் முடங்கிப்போனது. அங்கே பஞ்சத்தில் கசப்புக் கிழங்கைச் சரியாகப் பக்குவம் செய்யாமல், கூடப் புரதம் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்றார்கள். உடம்புக்குள் போகும் கொஞ்ச சயனைடை முறிக்கக் புரதத்தில் இருக்கும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும், அவை மீனில் தாராளம். மரச்சீனிக்கு நாம் சாளைக்குழம்பு வைப்பது ருசிக்காகத்தான், ஆனாலும் கிழங்கில் அதிகம் இல்லாத புரதத்தையும் இந்த அமினோ அமிலங்களையும் சேர்த்தே அது கொண்டுவந்துவிடுகிறது. இதை எந்த வீடியோவும் சொல்லாது, ஏனென்றால் அவர்கள் கிழங்கைத் தனியாகத் தராசில் வைக்கிறார்கள், நாம் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

சுகர் இருப்பதால் அளவுதான் முக்கியம். மரச்சீனி சாப்பிடுகிற வேளையில் சோறு வேண்டாம், இரண்டுமே மாவு. ஒரு சின்னக் கிண்ணம் கிழங்கு, இரண்டு துண்டு மீன், ஒரு கீரையோ பொரியலோ. சர்க்கரைவள்ளி செய்கிற நாளில் அவித்துக் கொடுங்கள், சுட்டால் ரத்தத்தில் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். முதல் இரண்டு முறை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். எண் ரொம்ப ஏறினால் கிண்ணத்தைச் சின்னதாக்குங்கள், மாத்திரை பற்றி அவர் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.