கேள்வி–பதில்: காக்ஸ் பஜார் முகாம்கள்

கேள்வி: வங்கதேசத்தில் உள்ள ரோஹிங்கியா அகதிகளுக்கு அரிசி, பருப்பு தருவதற்குப் பதிலாக அட்டையில் தொகை ஏற்றித் தருகிறார்களாமே! அது வீண் செலவுக்கு வழிவகுக்காதா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: வழிவகுக்காது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின், மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் ராணுவம் நடத்திய வன்முறைக்குத் தப்பிச் சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை நேரடியாக வழங்குவதே உடனடியாகச் செய்யக்கூடியதாக இருந்தது. ஆனால், இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வீட்டிலும் மாதக்கணக்கில் சமைக்க முடியாது. ஆகவே பலர், கிடைத்ததில் ஒரு பகுதியை வந்த விலைக்கு விற்று, மீனும் காய்கறியும் மிளகாயும் வாங்கினார்கள். ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டத்தின் அட்டை அந்த நட்டத்தைத் தவிர்க்கிறது. அதை முகாமில் அதற்கென அமைந்த கடைகளில், உணவுப் பொருள்களுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். முட்டையா, கருவாடா, கீரையா என்பதைக் குடும்பமே முடிவு செய்கிறது.

கேள்வி: தார்ப்பாய்க் குடிசையில் இருப்பவர்களுக்குச் சமையல் எரிவாயு அவசியமா? – வாசகர், கரூர்

பதில்: மிகவும் அவசியம். தொடக்கத்தில் விறகுதான் எரிபொருள். சுற்றியிருந்த காடு தேயத் தேய, பெண்களும் சிறுவர்களும் இன்னும் தொலைவுக்கு நடக்க வேண்டியதாயிற்று. வழியில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, பிள்ளைகளுக்குப் படிப்பு போயிற்று, அதே காட்டை நம்பியிருந்த உள்ளூர் மக்களோடு உரசலும் வந்தது. மரம் போன மலைச்சரிவு மழைக்காலத்தில் குடிசைகளோடு சரியவும் செய்தது. 2018 முதல் சிலிண்டரும் அடுப்பும் வழங்கப்பட்ட பிறகே விறகுத் தேவை பெருமளவு குறைந்து, சரிவுகளில் மீண்டும் மரம் நட முடிந்தது. ஒரு சிலிண்டர் இத்தனை துன்பங்களைத் தணிக்கும்போது அதை ஆடம்பரம் என்று கருத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இத்தனை ஆண்டுகள் உதவி பெற்றும் அவர்கள் ஏன் சொந்தக் காலில் நிற்கவில்லை? – வாசகர், சேலம்

பதில்: நிற்பதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதுதான் உண்மை. மியான்மரின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடைக்கலம் தந்த வங்கதேசமோ 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. முறையான வேலைக்குச் செல்லவோ, முகாமுக்கு வெளியே விருப்பம்போல் சென்று வரவோ அகதிகளை அது அனுமதிப்பதில்லை. மக்கள் நெருக்கம் மிகுந்த அந்நாடு சுமக்கும் பாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், சம்பாதிக்க வழியில்லாதவருக்கு உதவித்தொகை ஒன்றே பிடிமானம். நன்கொடை குறைந்ததால், 2023 மார்ச் மாதம் ஒருவருக்கு 12 டாலரிலிருந்து 10 டாலராகவும், ஜூனில் 8 டாலராகவும் மாத உணவுத்தொகை வெட்டப்பட்டது. அதாவது, ஒரு நாள் முழுவதற்கும் 27 சென்ட். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 22 ரூபாய். பின்னர் தொகை உயர்த்தப்பட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் நன்கொடை நாடுகளின் முடிவுக்காகக் காத்திருக்கும் நிலை மாறவில்லை. வேலை செய்யும் உரிமையைச் சிறிதளவேனும் வழங்கினால்தான் இது மாறும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் தெருவில் பழைய துணிகளைச் சேகரித்து அனுப்பலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் துணி வேண்டாம். 2017-இல் லாரிகளிலிருந்து வீசப்பட்ட துணிகள் அந்தச் சாலையோரங்களில் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தன. அங்கே ஆண்கள் கைலி கட்டுபவர்கள், பெண்கள் உடலை முழுவதும் மறைத்து உடுத்துபவர்கள். நம் வீடுகளில் சேரும் கால்சட்டைகளும் மேற்சட்டைகளும் அவர்களில் பெரும்பாலோருக்கு உதவா. முகாம்களில் பணியாற்றும் அமைப்புகளில் இந்தியாவிலிருந்து நன்கொடை பெற அனுமதியுள்ள ஒன்றைத் தேர்ந்து பணமாகச் செலுத்துங்கள். தேவையான துணியை அவர்கள் உள்ளூர்ச் சந்தையிலேயே வாங்கிக்கொள்வார்கள், அங்குள்ள வியாபாரிகளுக்கும் அதனால் பயன் கிடைக்கும்.