பல்கலைக்கழகக் கல்வியியல் புலத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் எப்படிப் போடுவது? எங்கிருந்து தொடங்குவது? போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

உண்டு. காவிரி டெல்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் புலத்தில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு திட்டக்குழுவில் என்னையும் போட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் தப்பான இடத்தில் தொடங்கியவர்கள் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் திட்டம் போட ஆசைப்பட்டு யாரும் உட்காரவில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் நாக் குழுவின் மதிப்பீட்டில் நிர்வாகத்தைப் பற்றிய 6-ஆவது அளவுகோலில், உங்களிடம் திட்டம் இருக்கிறதா, அது நடைமுறைக்கு வந்ததா என்று அப்போது கேட்டார்கள். அதற்கு ஒரு கோப்பு வேண்டும். எங்கிருந்தோ ஒரு மாதிரிப் படிவம் வந்தது. தொலைநோக்கு, பணி இலக்கு, பலம்-பலவீனம்-வாய்ப்பு-ஆபத்து என்று நான்கு கட்டம் போடும் ஸ்வாட் அட்டவணை எல்லாவற்றையும் நிரப்பினோம். 'உலகத்தரம்' என்ற சொல் பக்கத்துக்கு ஒரு முறை வந்தது. டெல்டா என்ற சொல் அட்டைப் பக்கத்து முகவரியில்கூட இல்லை. பெயரை மட்டும் மாற்றினால் கோயம்புத்தூருக்கும் பொருந்தும், குவாலியருக்கும் பொருந்தும்.

படிவத்தில் 'பங்குதாரர் கூட்டம்' என்று ஒரு வரி இருந்தது. சரி என்று சுற்றுவட்டாரத் தலைமையாசிரியர்களைக் கூப்பிட்டோம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாங்கள் பவர்பாயிண்ட் ஓட்டியபோதெல்லாம் வாயே திறக்கவில்லை. கடைசியில், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டதும் எழுந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க பி.எட். புள்ளைங்க எல்லாம் தலைமடையிலேயே நின்னுடுறாங்க. எங்களுக்கு வந்து சேர்றதே இல்ல. நானும் பதினோரு வருஷமா ஹெச்.எம்.மா இருக்கேன், ஒருத்தரும் வந்ததில்ல."

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தலைமடை என்பது பாசனத் தண்ணீர் முதலில் வரும் பக்கம், கடைமடை என்பது கடைசியில் எட்டும் பக்கம். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும். டிவியில் பூத்தூவும் படம் வந்துவிடும், ஆனால் கடல் ஓரத்துக் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது எட்டும், எட்டுமா என்பது தனிக் கதை. அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பதைக் கடைமடை விவசாயி கேட்கமாட்டார். தன் வாய்க்காலில் வந்ததா என்றுதான் கேட்பார்.

மறுநாள் பயிற்சிப் பதிவேடுகளை எடுத்து விரித்தோம். பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014 விதிகளின்படி ஒரு மாணவர் மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இந்த 20 வாரத்தை எங்கள் மாணவர்கள் எங்கே கழித்தார்கள் என்று மாவட்ட வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனோம். எல்லாப் புள்ளிகளும் பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றியே விழுந்தன. நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில், பாடம் எடுக்க பீரியட் கிடைக்காமல் எங்கள் மாணவர்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைமையாசிரியர் வேறு, தயவுசெய்து ஆளைக் குறையுங்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். வேதாரண்யத்துக்காரர் பள்ளியிலோ அறிவியல் ஆசிரியையே கணக்கையும் பார்த்துக்கொள்கிறார்.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பள்ளிப் பட்டியலை நாங்கள்தான் தயாரித்து முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக்கு அனுப்புகிறோம். மாணவர்கள் எடுக்கும் பாடத்தைக் கவனிக்கப் போகும் எங்கள் ஆசிரியர் ஒரே நாளில் நான்கு பள்ளியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். விடுதி மாணவிகள் இருட்டுவதற்குள் வந்தாக வேண்டும். இப்படி ஒவ்வொரு காரணமும் நியாயம்தான். எல்லாம் சேர்ந்து கடைமடையை அடைத்துவிட்டன.

எங்கள் திட்டம் அங்கேதான் தொடங்கியது என்பேன். முதல் 40 பக்கத்தை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள், அது இன்னும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

முதலில் மாணவர்களின் வீட்டு முகவரியைப் பார்த்தோம். தலைஞாயிறு, முத்துப்பேட்டை, பேராவூரணி என்று நாங்கள் போக முடியாது என்று நினைத்த ஊர்களிலிருந்துதான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்! விடுதியில் தங்கிப் படிக்கும் பெண், 16 வாரமும் வீட்டிலிருந்தே பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகலாமே. இது ஏன் அதுவரை தோன்றவில்லை என்பதற்கு என்னிடம் கௌரவமான பதில் இல்லை. சொந்த ஊருக்கு வேண்டாம், இருக்கிற ஊரிலேயே இருக்கிறேன் என்றவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்தவில்லை.

அடுத்தது நாட்காட்டி. இதை எந்தப் படிவமும் கேட்காது, ஆனால் இந்தப் பகுதியில் பாதித் திட்டம் இதுதான். நீண்ட பயிற்சியை அக்டோபர், நவம்பரில் தள்ளிவைத்தால் வடகிழக்குப் பருவமழையில் பாதி நாள் விடுமுறை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பொங்கலுக்கு அப்புறம் பள்ளிகள் பொதுத்தேர்வுக்குத் திருப்புதல் நடத்துவார்கள், வெளியாளை வகுப்பில் விடமாட்டார்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம் பக்கம் பள்ளிகளே நிவாரண முகாம்களாக மாறின. அந்தப் பக்கம் வீடு இருந்த சில மாணவர்கள் முகாமில் வேலை செய்தார்கள். பயிற்சிக்கு 90 சதவீத வருகை வேண்டும் என்கிறது விதி. அந்த நாட்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று எங்களிடம் ஒரு வழிமுறையும் இல்லை. இப்போது அதற்குத் திட்டத்தில் ஒரு பத்தி இருக்கிறது. பள்ளி திறந்ததும் பயிற்சி தொடங்கும்படி அனுமதிக் கடிதத்தை ஏப்ரலிலேயே அனுப்பிவிடுகிறோம். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் ஐந்தாண்டுத் திட்டத்தில் உருப்படியாக நடந்தது இந்த ஏப்ரல் கடிதம்தான்.

மூன்றாவது பணம். கடைமடைப் பள்ளிக்குப் பாடம் கவனிக்கப் போவது யார்? ஆண்டுக்கு 100 மாணவர்களைச் சேர்த்தால் 16 ஆசிரியர் என்பது விதி. நிரந்தர இடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் துறைகளில் அவர்கள் சொந்தக் காசில் பஸ் ஏற வேண்டும். பயணப்படிக்கு பட்ஜெட்டில் தனித் தலைப்பு கேட்டோம். ஸ்மார்ட் வகுப்பறைக்கு ஒரே கூட்டத்தில் சரி சொன்ன நிதிக்குழு, இதை மூன்று முறை திருப்பி அனுப்பியது. பயணப்படியைப் போட்டோ எடுத்து அறிக்கையில் போட முடியாதல்லவா? உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தத் தலைப்பில் பணம், யார் கையெழுத்து என்று எழுதுங்கள். எழுத முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

படிப்புகளைப் பற்றிக் கொஞ்சம். ஐந்து ஆண்டுக்கு மேல் நிலையாக இருக்கும் என்று எந்தப் படிப்பையும் நம்ப முடியவில்லை. ஓராண்டு பி.எட். இரண்டாண்டு ஆனது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்கிறது. 2025-இல் வந்த வரைவு விதிகளில் நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். மறுபடி தலைகாட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு பள்ளிக் கல்விக்குத் தன் சொந்தக் கொள்கையை வெளியிட்டது. ஆகவே ஒரு படிப்பின் பெயரில் கட்டடம் எழுப்பாதீர்கள். பள்ளிகளோடு உள்ள உறவு, அனுபவமுள்ள வழிகாட்டி ஆசிரியர்கள், ஒரே ஆள் இரண்டு பாடம் எடுக்கும் பள்ளிக்கு ஏற்ற பயிற்சி, இவற்றில் போட்ட உழைப்பு படிப்பு எத்தனை ஆண்டானாலும் வீணாகாது.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் பயிற்சி மையம் தொடங்கினால் வருமானம் வரும் என்று உங்கள் குழுவிலும் ஒருவர் சொல்வார். 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேறவேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு இந்தக் குரல் பலமாகிவிட்டது. சனி, ஞாயிறு நடத்துங்கள், தப்பில்லை. இருபது வருடம் பாடம் எடுத்தவர் பதற்றத்தோடு வந்து உட்காரும்போது உதவாமல் எப்படி இருப்பது? ஆனால் அதுவே புலத்தின் முகமாகிவிட்டால், மாணவர்கள் முதல் நாளிலிருந்தே வினா வங்கியைத்தான் தேடுவார்கள்.

ஆராய்ச்சி, வெளிநாட்டு ஒப்பந்தம் பற்றியெல்லாம் மற்ற பதில்களில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஒப்பந்தங்கள் கையெழுத்தான நாளில் எடுத்த படங்கள் நன்றாக இருக்கின்றன.

தோற்றதையும் சொல்ல வேண்டும். பழைய மாணவர்கள் இப்போது எங்கே கற்பிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். மூன்றாம் மாதம் அது காலை வணக்கப் படங்களுக்குப் போய்விட்டது. நகரத்துப் பள்ளிகளில் கூட்டம் குறைந்தது, ஆனால் கடல் முனையில் இருக்கும் கோடியக்கரை வரை நாங்கள் இன்னும் போகவில்லை.

வேதாரண்யத்துத் தலைமையாசிரியர் பள்ளிக்குப் போன வருடம் இரண்டு பேர் போனார்கள். ஒருத்தி கணக்கு, இன்னொருத்தி தமிழ். கணக்குக்காரியை அனுப்ப மனமில்லை, இன்னும் ஒரு மாதம் விட்டுவைக்க முடியுமா என்று போனில் கேட்டார். விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வருடப் பயணப்படிக் கோப்பு மறுபடியும் நிதிக்குழுவில் நிற்கிறது. கூட்டம் அடுத்த வாரம்.