தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் ஏழாவது தனி ஆல்பம் ‘தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்’ 2024 மார்ச் 1 அன்று வெளியானது. அதைப் பற்றி நீங்கள் அனுப்பியவற்றை வந்த வரிசையில் எடுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிடார் பாதி காணாமல் போய்விடும்.

கே: மெய்டனை விட்டு விலகிவிட்டாரா? (திருச்சி)

இல்லை. விலகியது 1993-ல். 1999-ல் திரும்பி வந்துவிட்டார். இப்போது மெய்டன் வேலைகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் தனி ஆல்பம் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

கே: 2005-க்குப் பிறகு ஏன் இத்தனை வருடம் ஆனது அண்ணா? (நெல்லை)

முந்தைய தனி ஆல்பம் 2005-ல் வந்தது. 19 வருடம், தம்பி. 2014-லேயே கிடாரிஸ்ட் ராய் ஸீயுடன் உட்கார்ந்து டெமோ பண்ணத் தொடங்கிவிட்டார். அந்த ஆண்டின் கடைசியில் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஏழு வாரம் கீமோவும் கதிர்வீச்சும். 2015 மே மாதம் குணமாகிவிட்டதாக அறிவித்தார்கள். அப்புறம் மெய்டன் சுற்றுப்பயணங்கள், அதற்குப் பிறகு கொரோனா.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைக் கேளுங்கள். ஆல்பம் வெளியானபோது அவருக்கு வயது 65. உச்சத்தில் பழைய கூர்மை கொஞ்சம் குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் கீழ் ஸ்தாயியில் இப்போது இருக்கிற கனம், மெய்டனில் அவர் முதல் ஆல்பம் பாடிய 1982-ல் அவரிடம் இல்லை. எனக்கு இந்தக் குரல்தான் நெருக்கமாக இருக்கிறது.

கே: ‘எடர்னிட்டி ஹேஸ் ஃபெயில்ட்’ மெய்டன் பாட்டின் காப்பிதானே? பெயரைக்கூட சரியாக மாற்றவில்லை. (கோவை)

தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பாட்டு முதலில் பிறந்தது இந்தத் தனி ஆல்பத்துக்காக. டெமோவைக் கேட்ட மெய்டனின் பேஸ் கிடாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸுக்குப் பிடித்துப்போய், மெய்டனுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ‘இஃப் எடர்னிட்டி ஷுட் ஃபெயில்’ என்று 2015-ல் ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டாக வந்தது அதுதான்.

அடையாளம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெய்டன் வடிவத்தின் கடைசியில் ஒரு குரல் ‘என் பெயர் நெக்ரோபொலிஸ்’ என்று பேசும். யார் அது என்று அன்றைக்கு எல்லோரும் குழம்பினோம். இந்தத் தனி ஆல்பம் சொல்லும் மாண்ட்ரேக் கதையில் வரும் டாக்டர் நெக்ரோபொலிஸ்தான் அவர். இன்னொன்று, மெய்டன் வழக்கமான ஸ்டாண்டர்டு ட்யூனிங்கில் வாசிக்கிறவர்கள். அந்தப் பாட்டு டிராப் டி, அதாவது கிடாரின் தடித்த தந்தியை ஒரு ஸ்வரம் கீழே இறக்கிய ட்யூனிங். டெமோ அப்படி இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

கே: எது முதலில் பிறந்தால் என்ன? 2007-ல் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெய்டனைப் பார்த்தவன் நான். அவர்கள் வாசித்ததுதான் சிறந்தது. (சென்னை)

மெய்டன் டிரம்மர் நிக்கோவின் டிரம்ஸுக்கும் மூன்று கிடாருக்கும் முன்னால் எதுவும் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். 2016 சுற்றுப்பயணத்தில் கச்சேரியையே அதைக் கொண்டுதான் தொடங்கினார்கள். ஆனால் அங்கே அது மேடையைத் திறந்துவைக்கிற பாட்டு. எட்டரை நிமிடம் ஓடும். இங்கே சுமார் ஏழு நிமிடம். புல்லாங்குழலில் தொடங்கி, ஆல்பத்தின் நடுவில் கதையின் பாரத்தைச் சுமக்கிறது. இதைத் தனியாகப் பிய்த்தெடுத்துக் கேட்டால் மெய்டன்தான் ஜெயிக்கும். முந்தைய ஐந்து பாட்டுகளையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கே: சரி, அப்படியானால் ஹாரிஸ் அதைக் கேட்டிருக்கவே கூடாது என்கிறீர்களா? (அதே சென்னை நண்பர்)

அப்படிச் சொல்லவில்லை. கேட்டதால்தான் நமக்கு இரண்டு கிடைத்தன. எனக்கு இரண்டும் வேண்டும்.

கே: இனி மெய்டனில் பாடமாட்டாரா? (ஈரோடு)

பாடுவார். முதல் பதிலைப் பாருங்கள்.

கே: கிடார், பேஸ், டிரம்ஸ் யார்? கிடார் டேப் (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிப்பு) கிடைக்குமா? (புதுச்சேரி)

கிடாரும் பேஸும் ராய் ஸீ, டிரம்ஸ் டேவ் மொரேனோ, கீபோர்டு மிஸ்தேரியா. ‘ரெசரெக்‌ஷன் மென்’ பாட்டில் போங்கோ தட்டுவது புரூஸேதான். டேப்பை கிடார் வாசிக்கிற யாரிடமாவது கேளுங்கள்.

கே: கதை புரியவில்லை. (தஞ்சாவூர்)

பாட்டுகள் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது. தனியாக 12 இதழ் காமிக்ஸ் தொடராகத் திட்டமிட்டது. எழுத்து டோனி லீ, ஓவியம் ஸ்டாஸ் ஜான்சன்.

கே: மெய்டன் உடைகிறதா? (சேலம்)

மூன்றாவது முறை. இல்லை. இதற்கு இனி பதில் எழுதமாட்டேன்.

கே: என் மகளுக்கு 14 வயது. எந்தப் பாட்டில் தொடங்கலாம்? (மதுரை)

‘ரெயின் ஆன் தி கிரேவ்ஸ்’. இங்கிலாந்தின் கிராஸ்மியரில் ஆங்கிலக் கவிஞர் வார்ட்ஸ்வொர்த்தின் கல்லறைக்கு முன்னால் நின்றபோது புரூஸுக்குத் தோன்றியது. வார்ட்ஸ்வொர்த்தைப் பள்ளிப் பாடத்தில் படித்திருந்தால் உங்கள் மகளுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டாதீர்கள்.

கே: ‘சொனாட்டா’ பத்து நிமிடம் இழுக்கிறது. தாண்டிவிடலாமா? (நாகர்கோவில்)

தாண்டாதீர்கள். சுமார் 25 வருடம் தூங்கிக்கிடந்த டெமோ அது. பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவின் நினைவில் ராய் ஸீ போட்டுவைத்த இசை. அதன்மேல் புரூஸ் பெரும்பாலும் அந்த நேரத்தில் தோன்றியதையே பாடிவிட்டார். வரிகள் தடுமாறுகிற மாதிரி தெரிவது அதனால்தான். அந்தத் தடுமாற்றத்தை அவர் திருத்தவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒன்பதாவது பாட்டிலிருந்து நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், பேசலாம்.