ஸ்மோக் அலாரம் வாங்குறதுக்கு முன்னாடி, அது சத்தம் போடுமான்னு கேளுங்க

கேள்வி: சென்னையில மூணாவது மாடி, 2 பிஹெச்கே ஃப்ளாட். அம்மாவுக்கு 74 வயசு, பகல்ல தனியா இருப்பாங்க. ஹால்ல இன்வெர்ட்டர் இருக்கு. ஒரு ஏஜென்ட் 4 ஸ்மோக் டிடெக்டர், ஒரு வருஷ ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேக்குறார். மாட்டலாமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம், அதுக்கும் அடிக்குமா?

பதில்: கண்டிப்பா மாட்டுங்க. ஆனா அந்த ஏஜென்டுக்கு இன்னும் அட்வான்ஸ் குடுக்கலைன்னா குடுக்காதீங்க, முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது தனியா சத்தம் போடுமா, இல்ல பேனலோட சேர்த்தாத்தான் போடுமா?" பேனல்னா எல்லா டிடெக்டரையும் இணைக்கிற கன்ட்ரோல் பெட்டி.

டிடெக்டர் வேற, அலாரம் வேற. ஆபீஸ், ஹோட்டல் சீலிங்ல வெள்ளையா வட்டமா இருக்கே, அது டிடெக்டர். பேனல்ல இருந்து 24 வோல்ட் வரணும், புகை வந்தா பேனலுக்குத் தகவல் சொல்லும், ஹூட்டரை (சைரனை) அடிக்க வைக்கிறது பேனல்தான். விலை கம்மிங்கிறதால அதையே வீட்டுக்குக் கொண்டு வந்து தலையில கட்டுறாங்க. போன வருஷம் ஒரு வீட்ல பாத்தேன், ஃபால்ஸ் சீலிங்ல 3 டிடெக்டர், ஒரு சின்ன அடாப்டர்ல இருந்து கரண்ட், அதனால லைட் மட்டும் அழகா மின்னுது. கீழ புகை காட்டினேன், லைட் சிவப்பா நின்னுச்சு, அவ்ளோதான், சத்தமே இல்ல. பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்த பாட்டி புரண்டு கூட படுக்கல. ரெண்டு வருஷமா அதுக்கு ஏஎம்சி வேற கட்டியிருக்காங்க! மாட்டின ஆள் மேல எனக்கு இன்னும் கோவம் அடங்கல. வீட்டுக்குள்ள யார் எதை மாட்டினாங்கன்னு பாக்க ஆளே கிடையாது, தீயணைப்புத் துறை என்ஓசி (தடையில்லாச் சான்று) ஃபைல்ல பேப்பர் சரியா இருந்தா போதும்னு விட்டுடறாங்க.

நீங்க வாங்க வேண்டியது பேட்டரியும் பஸ்ஸரும் உள்ளயே இருக்கிற அலாரம். அட்டையில இஎன் 14604 இல்லன்னா யுஎல் 217னு தர முத்திரை (ஸ்மோக் அலாரத்துக்கான ஐரோப்பிய, அமெரிக்க தரம்) போட்டிருக்கணும். "ஃபோட்டோ எலக்ட்ரிக்" டைப்பா கேளுங்க, மெத்தை, வயர் மாதிரி மெதுவா புகைஞ்சு பரவுற நெருப்பைச் சீக்கிரம் பிடிக்கும். சீல் பண்ணின 10 வருஷ லித்தியம் பேட்டரி மாடல் கிடைச்சா நல்லது.

ஹால்ல ஒண்ணு, ரெண்டு பெட்ரூம்லயும் ஒவ்வொண்ணு, மொத்தம் மூணு போதும். முடிஞ்சா வயர்லெஸ்ல ஒண்ணோட ஒண்ணு பேசுற மாடலா வாங்குங்க, ஹால்ல புகைஞ்சா பெட்ரூம்லயும் அடிக்கும், ஏன்னா ஏசி போட்டு கதவைச் சாத்தினா அலாரத்தோட 85 டெசிபெல் சத்தம் கூட மங்கிடும், வயசானவங்களுக்கு இந்த கீச்சுச் சத்தம் சரியா கேக்காது. மாட்டின அன்னிக்கே அம்மா படுத்திருக்கும்போது டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. சீலிங்ல, சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளி, ஃபேன் காத்தும் ஏசி காத்தும் நேரா படாத இடம். கிச்சனுக்குள்ள வேண்டாம், தாளிச்சாலே அடிக்கும். கேஸ் லீக்குக்கு இது உதவாது, அதுக்கு வேற கருவி, எல்பிஜி காத்தைவிட கனம்ங்கிறதால தரைகிட்ட மாட்டணும்.

சாம்பிராணிக்கு வருவோம். அடிக்கும், அடிக்கத்தான் செய்யும், அதுக்குப் புகைன்னா புகைதான். பூஜை ரூம்ல இருந்து மூணு மீட்டராவது தள்ளி மாட்டுங்க, சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வைங்க. அடிச்சா ஹஷ் பட்டனை (சத்தத்தை அடக்குற பட்டனை) அமுக்குங்க, சில நிமிஷம் அடங்கும், அப்புறம் தானா பழையபடி வேலை செய்யும். பேட்டரியை மட்டும் கழட்டாதீங்க, சனிக்கிழமை திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் வராது. பெயின்ட் அடிக்கும்போது போடுற பிளாஸ்டிக் மூடியும் அப்படித்தான், எடுக்க மறந்துடுவாங்க.

ஏஎம்சி தேவையே இல்ல. மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டன், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காஞ்ச பிரஷ்ஷால தூசி தட்டுறது, இவ்ளோதான். நிமிஷத்துக்கு ஒரு தடவை "கீச்"னு கத்தினா பேட்டரி தீருதுன்னு அர்த்தம். பின்னாடி தயாரிச்ச தேதி இருக்கும், அதுல இருந்து 10 வருஷம் ஆனா, நல்லா அடிச்சாலும் மாத்திடுங்க. வாங்கும்போதே அந்தத் தேதியைப் பாருங்க, ஸ்டாக்ல கிடந்த பழசைத் தள்ளி விடுவாங்க.